கழிவுநீர் மாசைச் சிதைக்கும் நானோ கூட்டு வினையூக்கி: புதிதாக ஆய்வு தொடங்குவோருக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் முதுகலை வேதியியல் படிக்கும் மாணவர்கள் பலர் ஆய்வேட்டுக்கு நானோ வினையூக்கியைத் தலைப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். எந்தப் பொருளைத் தயாரிக்கலாம் என்பதே அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கிறது. எந்த நீரில் உள்ள எந்த மாசைச் சிதைக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் உலையை மூட்டினால், பொருள் நன்றாக அமைந்தாலும் ஆய்வு எங்கும் போய்ச் சேராது. ஆகவே இந்த வழிகாட்டியும் நீரிலிருந்தே தொடங்குகிறது.

நீரை முதலில் அறிதல்

நாம் செய்யப்போவது ஒளி பட்டால் வேலை செய்யும் ஒளிவினையூக்கி. அது சிதைப்பது பெரும்பாலும் கரிமச் சேர்மங்களையே. கார்பன் அணுக்கள் பிணைந்த பெரிய மூலக்கூற்றைத் துண்டு துண்டாக உடைத்து, இறுதியில் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் எளிய அயனிகளாகவும் மாற்றுவது அதன் வேலை. நம் மாவட்டங்களில் நீர் மாசு என்றதும் முதலில் நினைவுக்கு வருவதோ ஃபுளோரைடு. பற்களில் கறையும் எலும்பில் வளைவும் ஏற்படுத்தும் அந்தப் பாதிப்பைக் குறைப்பதற்காகவே ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் ஃபுளோரைடு என்பது ஒற்றை அணு அயனி. அதில் உடைப்பதற்கு எதுவும் இல்லை. எவ்வளவு வெயிலில் வைத்தாலும் ஒளிவினையூக்கியால் அது மறையாது. அதை நீரிலிருந்து பிரித்துத்தான் எடுக்க வேண்டும். அதற்குக் கிளர்வூட்டப்பட்ட அலுமினா படுகையும், படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் படியவைக்கும் நல்கொண்டா முறையும் இருக்கின்றன. ஒளிவினையூக்கியால் ஃபுளோரைடை அழிக்கப் போவதாக ஆய்வு முன்மொழிவு எழுதிக்கொண்டு வந்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய அக்கறை உண்மையானது. அந்த வேலைக்கு இந்தக் கருவி பொருந்தாது என்பதைச் சொல்ல வேண்டியது வழிகாட்டியின் பொறுப்பு.

கிருஷ்ணகிரிப் பகுதியின் கிரானைட் பாலிஷ் பட்டறைகளிலிருந்து வரும் வெள்ளைக் கலங்கலும் இதற்கு உரியதன்று. அது கல்தூள். தொட்டியில் படியவைத்தாலே பெரும்பகுதி இறங்கிவிடும். மாங்கூழ் ஆலைகளின் கழிவுநீரில் சர்க்கரையும் நாரும் மிகுதி. அது கரிமப் பொருள்தான் என்றாலும், நுண்ணுயிர்கள் விரும்பி உண்ணும் பொருள். அதைக் காற்றில்லாத் தொட்டியில் விட்டால் எரிவாயுவாவது கிடைக்கும். அங்கே விலையுயர்ந்த நானோ தூளைக் கொட்டுவது வீண். ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையிலிருந்து நுரை பொங்க வெளியேறும் தென்பெண்ணை நீரைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. நுரையை உண்டாக்கும் சோப்புப் பொருட்களை ஒளிவினையூக்கி சிதைக்கக்கூடும். ஆயினும் ஓடும் ஆற்றின் அளவுக்கு முன்னால் அரை லிட்டர் பீக்கரில் பெற்ற வெற்றிக்குப் பொருளில்லை. அந்த நீரை அது தோன்றும் இடத்தில்தான் சுத்திகரிக்க வேண்டும்.

குறைந்த செறிவில் இருந்துகொண்டு, நுண்ணுயிர்களால் எளிதில் உண்ணப்படாமல், நீரில் நெடுநாள் தங்கும் கரிம மாசுகளே நமக்கு உரியவை. துணிச்சாயங்கள், மருந்து எச்சங்கள், ஓசூர்ப் பசுமைக்குடில்களில் பூச்செடிகளுக்குத் தெளிக்கப்படும் பூச்சிமருந்துகள் போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் சாயத்தை அளப்பது எளிது, கருவிச் செலவும் குறைவு. ஆகவே பழகுவதற்கு மெத்திலின் நீலத்தை எடுத்துக்கொள்வோம்.

வேலை நடக்கும் விதம்

1972இல் ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளி பட்டபோது நீர் பிளவுறுவதை வெளியிட்டார்கள். இத்துறை பெருகியது அதன் பிறகுதான். ஒளிவினையூக்கியாக வேலை செய்யும் குறைகடத்தியில், எலக்ட்ரான்கள் நிறைந்த இணைதிறன் பட்டைக்கும் அதற்கு மேலுள்ள கடத்துப் பட்டைக்கும் இடையே ஓர் ஆற்றல் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைவிட அதிக ஆற்றலுள்ள ஒளி படும்போது எலக்ட்ரான் மேலே தாவுகிறது, அது விட்டுச்சென்ற இடத்தில் நேர்மின் துளை உண்டாகிறது. எலக்ட்ரான் நீரில் கரைந்த ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பர் ஆக்சைடைத் தருகிறது. துளை நீரிலிருந்தோ ஹைட்ராக்சைடிலிருந்தோ ஹைட்ராக்சில் தனியுறுப்பை உண்டாக்குகிறது. இந்தத் தனியுறுப்பு ஓசோனைவிட வலிமையான ஆக்சிஜனேற்றி. சாய மூலக்கூற்றைத் தாக்குவதில் பெரும்பங்கு அதற்கும் துளைக்கும் உரியது.

1240 என்ற எண்ணை எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள ஆற்றல் இடைவெளியால் வகுத்தால், அப்பொருள் பயன்படுத்தக்கூடிய ஒளியின் அலைநீள எல்லை நானோமீட்டரில் கிடைக்கும். அனடேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடுக்கு இடைவெளி 3.2 என்பதால் எல்லை ஏறத்தாழ 387 நானோமீட்டர், அதாவது புற ஊதாப் பகுதி. துத்தநாக ஆக்சைடும் அப்படியே. சூரிய ஒளியின் ஆற்றலில் புற ஊதாவின் பங்கு ஏறக்குறைய 5 சதவீதம்தான். கார்பனும் நைட்ரஜனும் அடுக்கடுக்காக இணைந்த கிராஃபைட்டிக் கார்பன் நைட்ரைடின் இடைவெளி 2.7 என்பதால், அது 460 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளியையும் பயன்படுத்திக்கொள்கிறது. ஆனால் தனியாக இருக்கும்போது அதில் தோன்றும் எலக்ட்ரானும் துளையும் வேலை செய்வதற்கு முன்பே மறுபடி ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. அதையும் துத்தநாக ஆக்சைடையும் நெருங்கித் தொடும்படி இணைத்தால், எலக்ட்ரான் ஒரு பக்கமும் துளை மறுபக்கமும் பிரிந்து நின்று இரண்டும் வேலைக்குக் கிடைக்கும். கூட்டுப்பொருள் செய்வதன் நோக்கம் இந்தப் பிரிவே. இரண்டு தூள்களைக் கல்வத்தில் இட்டுக் கலந்தால் அது கலவைதான், கூட்டுப்பொருள் ஆகாது.

நானோ அளவு எதற்கு என்பதை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். வினை பரப்பில்தான் நடக்கிறது.

தயாரிப்பு

முதலில் கார்பன் நைட்ரைடு. 10 கிராம் யூரியாவை மூடியுள்ள அலுமினா மூசையில் இட்டு, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் மஃபிள் உலையின் வெப்பத்தை உயர்த்தி, 550 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் வைக்க வேண்டும். இளமஞ்சள் நிறமுள்ள இலேசான தூள் கிடைக்கும். பெரும்பகுதி யூரியா வாயுவாகப் போய்விடுவதால் விளைச்சல் மிகக் குறைவு. அரை கிராமுக்குக் கீழே கிடைத்தால் மனம் தளர வேண்டாம், அது இயல்பு. வெளியேறும் வாயுவில் அம்மோனியா மிகுதியாக இருக்கும். ஆகவே உலைக்கு மேல் காற்றுறிஞ்சி இயங்காமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. உரக்கடை யூரியாவைப் பயன்படுத்தலாமா என்று விவசாயக் குடும்பத்து மாணவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் 2015 முதல் நம் நாட்டில் வேளாண்மைக்கு விற்கப்படும் யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாகியுள்ளது. அந்த எண்ணெய் எரிந்து பொருளில் என்ன விட்டுச்செல்லும் என்று சொல்ல இயலாது. ஆய்வக யூரியாவையே வாங்குங்கள்.

அடுத்தது துத்தநாக ஆக்சைடு. ஜிங்க் அசிடேட் டைஹைட்ரேட் 2.2 கிராமை 100 மி.லி. வாலைவடி நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு 0.8 கிராமை வேறொரு 100 மி.லி. நீரில் கரைத்து, முதற்கரைசலை மேக்னெடிக் ஸ்டிரரில் கலக்கிக்கொண்டே இதைச் சொட்டுச் சொட்டாக அரை மணி நேரத்தில் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் துகள்கள் கட்டிகட்டியாகிவிடும். பி.எச். 10ஐ எட்டவில்லையென்றால் இன்னும் சிறிது காரக்கரைசல் சேர்க்கலாம். 2 மணி நேரம் கலக்கிய பின் வெள்ளை வீழ்படிவைச் சென்ட்ரிஃபியூஜில் பிரித்து, கழுவிய நீர் நடுநிலை ஆகும்வரை வாலைவடி நீராலும், கடைசியாக எத்தனாலாலும் கழுவ வேண்டும். 80 டிகிரியில் இரவு முழுவதும் உலர்த்தி, 400 டிகிரியில் 2 மணி நேரம் சுட வேண்டும். இந்த அளவுக்குக் கோட்பாட்டின்படி கிடைக்கக்கூடியது 0.81 கிராம். அதைவிட அதிகமாக எடை காட்டினால் உப்போ ஈரமோ தங்கியிருக்கிறது என்று பொருள். மகிழ்ச்சியடையாமல் மறுபடி கழுவுங்கள்.

இனி இணைத்தல். 50 மி.கி. கார்பன் நைட்ரைடை 50 மி.லி. எத்தனாலில் இட்டு, அல்ட்ராசோனிக் தொட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால் அதன் அடுக்குகள் பிரியும். நீண்ட நேரம் ஓடும்போது தொட்டி நீர் சூடாகும் என்பதால் அவ்வப்போது நீரை மாற்றுங்கள். அதில் 450 மி.கி. துத்தநாக ஆக்சைடைச் சேர்த்து மேலும் அரை மணி நேரம் வைத்து, பிறகு இரவு முழுவதும் கலக்கி, எத்தனாலை 70 டிகிரியில் ஆவியாக்குங்கள். எத்தனால் தீப்பற்றும் என்பதால் திறந்த சுடர் அருகே இருக்கக் கூடாது. உலர்ந்த தூளை 300 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் 10 சதவீதக் கார்பன் நைட்ரைடு உள்ள கூட்டுப்பொருள் தயார். அதே வெப்பச் செய்முறையைத் தனித் துத்தநாக ஆக்சைடுக்கும் தனிக் கார்பன் நைட்ரைடுக்கும் செய்துவைக்க வேண்டும். ஒப்பிடுவதற்கு அவை இல்லாவிட்டால் கூட்டினால் பயன் விளைந்ததா என்பதை யாருக்கும் காட்ட முடியாது.

நானோ தூள் காற்றில் மிதந்து நுரையீரலில் ஆழமாகச் செல்லக்கூடியது. எடை போடும்போது மின்விசிறியை நிறுத்தி, என்95 முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள்.

பொருளைச் சரிபார்த்தல்

பெரும்பாலான கல்லூரிகளிலிருந்து படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) சோதனைக்கு மாதிரியைச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்ப வேண்டியிருக்கும். துத்தநாக ஆக்சைடுக்கு 31.8, 34.4, 36.2 டிகிரிகளிலும், கார்பன் நைட்ரைடுக்கு 27.4 டிகிரி அருகிலும் உச்சங்கள் வரும். 10 சதவீதமே இருப்பதால் பின்னது மங்கலாகத் தெரியலாம். அப்போது அகச்சிவப்பு நிறமாலையில் 810 அலையெண் அருகே வரும் உச்சம் கைகொடுக்கும். எக்ஸ்.ஆர்.டி. உச்சத்தின் அகலத்திலிருந்து ஷெரர் சமன்பாட்டின்படி கிடைப்பது படிகத்தின் அளவு. அதைத் துகளின் அளவு என்று எழுதுவது பரவலான தவறு.

சிதைவுச் சோதனை

100 மி.கி. மெத்திலின் நீலத்தை 100 மி.லி. நீரில் கரைத்து மூலக்கரைசலாக வைத்துக்கொண்டு, அதில் 1 மி.லி. எடுத்து 200 மி.லி.க்கு நீர்த்தால் லிட்டருக்கு 5 மி.கி. செறிவு கிடைக்கும். ஆய்வுக் கட்டுரைகளில் 10 மி.கி. என்றே பெரும்பாலும் இருக்கும். ஆனால் அந்தச் செறிவில் 664 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 2ஐ நெருங்கிவிடும், பழைய ஸ்பெக்ட்ரோமீட்டர்களில் அங்கே செறிவுக்கும் உறிஞ்சலுக்கும் உள்ள நேர்கோட்டுத் தொடர்பு குலையும். நம் கருவிக்கு ஏற்ற செறிவில் தொடங்குவதே நேர்மையான அளவீட்டுக்கு வழி. சோதனைக்கு முன் 1 முதல் 6 மி.கி. வரை ஆறு கரைசல்களை அளந்து அளவுத்திருத்தக் கோடு வரைந்துகொள்ளுங்கள்.

100 மி.லி. சாயக்கரைசலில் 50 மி.கி. தூளைச் சேர்த்து, பீக்கரைக் கருப்புத் துணியால் மூடி, இருட்டில் 30 நிமிடம் கலக்க வேண்டும். சாயம் தூளின் பரப்பில் ஒட்டிக்கொண்டு சமநிலைக்கு வருவதற்கு இந்த நேரம் தேவை. பத்து நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு அளவீடுகள் ஒத்துவந்தால் சமநிலை வந்துவிட்டது எனலாம், வராவிட்டால் ஒரு மணி நேரம்கூடப் பொறுங்கள். அதன்பிறகே வெயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். 0, 10, 20, 30, 45, 60, 90 நிமிடங்களில் 4 மி.லி. வீதம் எடுத்து, உடனே சென்ட்ரிஃபியூஜ் செய்து, தெளிந்த நீரை அளக்க வேண்டும்.

நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்ட காலத்தில் வடிதாளில் வடித்து அளந்தேன். நிறம் வியக்கத்தக்க வேகத்தில் குறைந்தது. இரண்டு வாரம் கழித்து, வினையூக்கியே சேர்க்காத கரைசலை வடித்துப் பார்த்தபோது அதிலும் நிறம் குறைந்திருந்தது. சாயத்தை இழுத்துக்கொண்டது வடிதாள். அந்த இரண்டு வாரத் தரவுகளையும் கைவிட்டேன். வடிகட்டியைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், அது சாயத்தை எவ்வளவு பிடிக்கிறது என்பதை முதலில் சோதியுங்கள்.

வெயிலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஏறத்தாழ 12 டிகிரி வடக்கு அகலாங்கில் உள்ள தருமபுரிக்கு ஆண்டின் பெரும்பகுதி நல்ல ஒளி கிடைக்கிறது. காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் சோதனையை வைத்துக்கொண்டால் ஒளியின் அளவு அதிகம் மாறாது. மார்கழியில் ஓசூரின் பனிமூட்டம் விலகப் பகல் ஏறிவிடும். எந்த மாதமானாலும் இன்று துத்தநாக ஆக்சைடு, நாளை கூட்டுப்பொருள் என்று பிரித்துச் செய்யாதீர்கள். ஒப்பிட வேண்டிய பீக்கர்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில், ஒரே நேரத்தில், ஒரே ஆழ நீருடன் வையுங்கள். சித்திரை வெயிலில் நீர் ஆவியாகிச் சாயம் செறிவடையும், சூட்டினால் வேகமும் மாறும். எனவே தட்டில் குளிர்நீர் ஊற்றி, பீக்கரில் தொடக்க மட்டத்தைக் குறித்து, மாதிரி எடுத்த அளவைக் கணக்கில் கொண்டு ஆவியான அளவை மட்டும் வாலைவடி நீரால் ஈடுசெய்யுங்கள்.

அந்தத் தட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய வேறு இரண்டு பீக்கர்கள் உண்டு. வினையூக்கி இல்லாமல் வெயிலில் இருக்கும் சாயம் ஒன்று, வினையூக்கியுடன் கடைசிவரை இருட்டில் மூடிவைத்த சாயம் மற்றொன்று. மெத்திலின் நீலம் வெயிலில் தானாகவும் ஓரளவு வெளுக்கும். அந்த அளவைக் கழிக்காமல் தரும் எந்தச் சதவீதத்தையும் நான் ஏற்பதில்லை.

கணக்கு

கரைசலின் ஒளி உறிஞ்சல் தொடக்கத்தில் 0.96, இருட்டுக்குப் பின் 0.75, 60 நிமிட ஒளிக்குப் பின் 0.15 என்று வைத்துக்கொள்வோம். முதல் அளவிலிருந்து கணக்கிட்டால் 84 சதவீதம் நீங்கியதாகத் தோன்றும். அதில் இருட்டில் ஒட்டிக்கொண்டதும் சேர்ந்திருக்கிறது. ஒளியால் நடந்தது 0.75இலிருந்து 0.15க்கு இறங்கியது, அதாவது 80 சதவீதம். இருட்டுக்குப் பிந்தைய அளவை ஒவ்வொரு நேரத்தின் அளவாலும் வகுத்து, அதன் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் போலி முதல்வகை வினைக்கு நேர்கோடு கிடைக்கும், அதன் சாய்வே வினைவேக மாறிலி. மேற்கண்ட எண்களுக்கு 5இன் இயல் மடக்கையான 1.609ஐ 60ஆல் வகுக்க, நிமிடத்துக்கு 0.027 என்று வரும். மூன்று முறை செய்து, சராசரியையும் விலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

நிறம் போனால் மாசு போனதா

இந்த வேலையின் மையக் கேள்வி இது. 664 நானோமீட்டரில் உச்சம் மறைவது, நிறம் தரும் அமைப்பு குலைந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. மூலக்கூற்றின் மீதிப் பகுதிகள் நீரிலேயே இருக்கலாம், சில நேரங்களில் அவை மூலச்சாயத்தைவிடத் தீங்கானவையாகவும் இருக்கலாம். மெத்திலின் நீலம் எலக்ட்ரானை ஏற்று நிறமற்ற லியூக்கோ வடிவமாக மாறுவதும் உண்டு. காற்றோடு குலுக்கினால் நீலம் திரும்பிவரும். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் செய்துகாட்டும் நீலப் புட்டிச் சோதனை இதுதான். ஆகவே வெளுத்த மாதிரியைக் குலுக்கி, சிறிது நேரம் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஒற்றை அலைநீளத்தோடு நிற்காமல் 200 முதல் 800 நானோமீட்டர் வரை முழு நிறமாலையையும் எடுங்கள். உச்சம் இறங்கும்போதே குறைந்த அலைநீளத்தை நோக்கி நகர்ந்தால், சாயத்தின் மீத்தைல் தொகுதிகள் மட்டும் உதிர்கின்றன என்று ஊகிக்கலாம்.

உண்மையான சிதைவுக்குச் சான்று சி.ஓ.டி. (நீரிலுள்ள பொருட்களை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) அல்லது மொத்தக் கரிமக் கார்பன் அளவு. 5 மி.கி. சாயத்தின் சி.ஓ.டி. மிகக் குறைவு என்பதால் டைகுரோமேட் முறையில் பிழையே மேலோங்கும். இதற்கென்று 50 மி.கி. செறிவில் தனிச் சோதனை ஒன்றை நீண்ட நேரம் நடத்துங்கள். நிறம் முழுதும் போன பிறகும் சி.ஓ.டி. பாதியளவு மிஞ்சியிருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். அது தோல்வியன்று, அடுத்து வருபவருக்குப் பயன்படும் தகவல். கண்ணுறு ஒளியில் வேலை செய்கிறது என்று சொல்ல விரும்பினால், நிறமற்ற மாசு ஒன்றிலும் சோதித்துக் காட்ட வேண்டும். சாயமே ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானை வினையூக்கிக்குத் தந்து தானும் சிதையக்கூடும் என்பதே காரணம்.

உண்மையான கழிவுநீருக்குப் போகும்போது

வாலைவடி நீரில் முடிந்தபின், கல்லூரியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் அதே சாயத்தைக் கரைத்துப் பாருங்கள். நம் பகுதியின் கடினநீரில் வேகம் பெரும்பாலும் குறையும். பைகார்பனேட்டும் குளோரைடும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகளை வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. சாயப்பட்டறை நீரில் உப்பின் அளவு இதைவிடப் பல மடங்கு, நிறத்தின் அடர்த்தியால் ஒளியே உள்ளே போகாது. அதனால் வினையூக்கிக்கு உரிய இடம் படியவைத்தலும் உயிரியல் சுத்திகரிப்பும் முடிந்தபின் எஞ்சும் நீர்தான். மாதிரியை ஆலையின் எழுத்துவழி அனுமதியுடன் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவந்து, அன்றே பி.எச்., சி.ஓ.டி., குளோரைடு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். குளோரைடு மிகுந்த நீரில் மெர்க்குரிக் சல்பேட் சேர்க்காவிட்டால் சி.ஓ.டி. பொய்யாக உயர்ந்து தெரியும். பாதரசம் கலந்த அந்தக் கழிவைத் தொட்டியில் கொட்டக் கூடாது.

துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் வன்காரத்திலும் கரையும், ஒளியிலும் சிறிது சிறிதாக அரிக்கப்படும். பி.எச். 6க்குக் கீழே உள்ள நீரில் அதைப் பயன்படுத்தாதீர்கள். ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் தெளிந்த நீரில் கரைந்த துத்தநாகத்தை அணு உறிஞ்சல் முறையில் அளக்க வேண்டும். ஆறு, ஏரி போன்ற நிலப்பரப்பு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்குச் சுற்றுச்சூழல் விதிகள் அனுமதிக்கும் உச்சம் துத்தநாகம் லிட்டருக்கு 5 மி.கி., சி.ஓ.டி. 250 மி.கி. சாயத்தை நீக்கிவிட்டு உலோகத்தை விட்டுச்செல்லும் வினையூக்கியைச் சுத்திகரிப்பு என்று அழைக்க முடியாது.

பயன்படுத்திய தூளைக் கழுவி உலர்த்தி ஐந்து சுற்றுகள் வரை மறுபடி சோதியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கழுவும்போது தூள் சிறிது இழக்கப்படும். எஞ்சிய எடைக்கு ஏற்பச் சாயக்கரைசலின் கொள்ளளவையும் குறைத்துக்கொண்டால்தான், வேகம் குறைந்தது தூள் களைத்ததாலா, குறைந்துபோனதாலா என்பது தெரியும். ஐந்தாவது சுற்றுக்குப் பின் எக்ஸ்.ஆர்.டி. மறுபடி எடுத்து முதல் வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். பிறகு அந்தத் தூளைப் பெயரும் தேதியும் எழுதிய மூடியுள்ள புட்டியில் இட்டு, ஆய்வகத்தின் உலோகக் கழிவுப் பெட்டியில் சேர்த்துவிடுங்கள்.